உப்புக் காற்றில் கருகும் பிளக் பாயிண்ட்: வீட்டு மின்சாரம் பற்றிய கேள்வி-பதில்

கேள்வி (தங்கச்சிமடம்): இண்டக்‌ஷன் அடுப்பு போடும் பவர் பிளக் கருகிக் கருகிப் போகிறது. ஒன்றரை வருடத்தில் மூன்று முறை மாற்றிவிட்டோம். ஒவ்வொரு தடவையும் கடைக்காரர் இன்னும் விலை கூடியதை எடுக்கச் சொல்கிறார். இனி எந்தக் கம்பெனி வாங்குவது?

பதில்: கம்பெனி இருக்கட்டும். முதலில் அடுப்பின் பிளக்கைக் கையில் எடுத்துப் பாருங்கள். அதன் பின்களில் ஒன்று கறுத்தோ, சொரசொரப்பாகவோ இருக்கும். கருகிய அந்தப் பின்னைப் புது சாக்கெட்டுக்குள் செருகினால் அங்கும் சரியாகப் பதியாது. சூடாகி, சில மாதங்களில் அதையும் கருக்கிவிடும். சாக்கெட்டை மட்டும் மாற்றி பிளக்கை அப்படியே விடுவதுதான் மூன்று முறை செலவானதற்குக் காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். இரண்டையும் ஒரே நாளில் மாற்ற வேண்டும்.

2000 வாட் அடுப்பு 230 வோல்ட்டில் சுமார் 8.7 ஆம்பியர் இழுக்கும். 16 ஆம்பியர் சாக்கெட்டுக்கு அது பெரிய சுமையே இல்லை. ஆனால் பின்னும் சாக்கெட்டும் தொடும் இடத்தில் களிம்பு ஏறி 0.3 ஓம் தடை வந்துவிட்டால், அந்த ஒரு புள்ளியிலேயே 23 வாட் வெப்பம் உண்டாகும். பிளாஸ்டிக் பெட்டிக்குள் ஒரு சால்டரிங் அயர்னை வைத்து மூடியது போலத்தான். கடலோர வீடுகளில் பித்தளையில் பச்சைக் களிம்பும் இரும்புத் திருகில் துருவும் சீக்கிரம் வந்துவிடுவதால், கடலைவிட்டுத் தள்ளிய ஊர்களில் நாலைந்து வருடம் ஓடும் சாமான் இங்கே பாதிக் காலம்கூடத் தாங்குவதில்லை.

மாற்றும்போது மெயினை அணையுங்கள். டெஸ்டரை முதலில் மின்சாரம் இருக்கும் இடத்தில் வைத்து, அது வேலை செய்கிறதா என்று பார்த்துவிட்டு, அதன் பிறகே இந்த பாயிண்டைச் சோதியுங்கள். வயரின் நுனியைச் சீவினால் செம்பு கறுப்பாக இருக்கும். பளபளப்பான செம்பு தெரியும் வரை வெட்டிக்கொண்டே போக வேண்டும். சில சமயம் நாலைந்து சென்டிமீட்டர் போய்விடும். வயர் நீளம் போதவில்லை என்றால், பெட்டிக்குள் முறுக்கி டேப் சுற்றி ஒட்டுப் போட விடாதீர்கள். புது வயர் இழுக்கச் சொல்லுங்கள். பவர் பிளக்குக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர், வயர்மேன்கள் "இரண்டரை" என்பார்களே, அதற்குக் குறைந்தது ஆகாது. பல இழை வயர் என்றால் நுனியில் பின் லக் (இழைகளைச் சேர்த்துப் பிடிக்கும் சிறு உலோக முனை) போட்டு நசுக்கி, பிறகு திருகில் முடுக்க வேண்டும். சிலர் நுனிக்கு ஈயம் பற்றவைத்துத் திருகுவார்கள். பார்க்க நேர்த்தியாக இருக்கும். ஆனால் திருகின் அழுத்தத்தில் ஈயம் மெல்ல நசுங்கிக் கொடுத்து, முடுக்கிய இடம் தளர்ந்துவிடும். ஒரு வாரம் உபயோகித்த பின் மெயினை அணைத்துவிட்டுத் திருகுகளை இன்னொரு முறை முடுக்கிப் பாருங்கள்.

இப்போது வாங்குவது பற்றி. கடைக்கு ஒரு சிறு காந்தம் கொண்டு போங்கள். சாக்கெட்டின் பின்பக்கம் வயர் மாட்டும் தகடுகளில் வைத்தால் ஒட்டக் கூடாது. ஒட்டினால் அது முலாம் பூசிய இரும்பு. திருகு மட்டும் ஒட்டினால் பரவாயில்லை. பிறகு ஒரு மூன்று பின் பிளக்கைச் செருகி இழுத்துப் பார்க்கலாம். லேசாகக் கையோடு வந்துவிட்டால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். இவ்வளவும் தேறினால் நடுத்தர விலையே போதும். மேல் தட்டின் நிறத்துக்கும் வழவழப்புக்கும்தான் கூடுதல் விலை பெரும்பாலும் போகிறது.

எண்ணெய் ஸ்ப்ரேயை சாக்கெட்டுக்குள் அடிக்கும் வழக்கம் சிலரிடம் இருக்கிறது. தூசியும் உப்பும் அதில் அப்பிக்கொள்ளும், வேண்டாம். கடல் பார்த்த ஜன்னலுக்கு நேர் கீழே போர்டு இருந்தால் அதைப் பக்கத்துச் சுவருக்கு மாற்றுவதே நல்ல செலவு.

கேள்வி (மண்டபம்): மழைக்காலத்தில் விடிகாலையில் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) தானாக விழுந்துவிடுகிறது. பத்து மணிக்கு மேல் போட்டால் விழாமல் நிற்கிறது. "அதை எடுத்துவிட்டு நேராகக் கொடுத்துவிடலாம்" என்கிறார் எலெக்ட்ரீசியன். செய்யலாமா?

பதில்: கூடாது. அது விழுவது அதன் வேலையைச் செய்வதால்தான். வீடுகளில் போடுவது 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கானது. 15-க்கும் 30-க்கும் இடையில் எங்கே வேண்டுமானாலும் விழலாம். எல்லாச் சாமானிலும் கொஞ்சம் கொஞ்சம் கசிவு இருக்கும், அதன் மேல் ஈரம் சேர்ந்தால் எல்லை தாண்டிவிடும்.

விடிகாலை என்பதிலேயே காரணமும் இருக்கிறது. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாப்பாட்டு உப்பு காற்றிலிருந்து நீரை உறிஞ்சிக் கரையத் தொடங்கும். வெளி விளக்கின் ஹோல்டரிலும் மோட்டார் பெட்டியிலும் மொட்டை மாடி பாயிண்டிலும் படிந்த உப்புப் படலம் இரவு ஈரத்தில் நனைந்து, மின்சாரம் கசியும் பாதையாகிறது. வெயில் ஏறிக் காய்ந்ததும் பாதை மறைந்துவிடும். எனவே சோதனையை, விழும் நேரத்திலேயே செய்ய வேண்டும். பகல் 12 மணிக்கு வந்து மெக்கர் (வயரின் கசிவைச் சோதிக்கும் மீட்டர்) வைத்துப் பார்க்கிறவருக்கு எல்லாம் சரியாகத்தான் தெரியும்.

எல்லா எம்.சி.பி.-க்களையும் (ஒவ்வொரு லைனுக்கும் தனித்தனியாக உள்ள, சுமை மீறினால் விழும் சுவிட்சுகள்) அணைத்துவிட்டு ஆர்.சி.சி.பி.-யை மேலே தள்ளுங்கள். நின்றால், ஒவ்வொரு எம்.சி.பி.-யாகப் போடுங்கள். எதைப் போடும்போது விழுகிறதோ, அந்த லைனில் உள்ள பிளக்குகளை எல்லாம் உருவிவிட்டு மறுபடி பாருங்கள். அப்போது நின்றால் குற்றம் சாமானில். அப்போதும் விழுந்தால் பெரும்பாலும் வயரிங்கிலோ விளக்கிலோ.

இதில் ஒரு சிக்கல் உண்டு. அனுபவமுள்ளவர்களே இதில் தடுமாறுவார்கள். சாதாரண ஒற்றை எம்.சி.பி. ஃபேஸை மட்டும்தான் துண்டிக்கும், நியூட்ரல் இணைந்தே இருக்கும். எங்காவது நியூட்ரல் வயர் எர்த்தைத் தொட்டுக்கொண்டிருந்தால், அந்த லைனின் எம்.சி.பி. அணைந்திருந்தாலும் ஆர்.சி.சி.பி. விழும். அதுவும் வேறொரு லைனில் மோட்டாரோ ஏ.சி.யோ போடும்போது விழும். உடனே பழி மோட்டார் மேல் போகும், மோட்டாரைக் கழற்றிக் காயில் கட்டக் கொடுத்துவிடுவார்கள். அதைச் செய்வதற்கு முன், மெயினை அணைத்து, டி.பி. பாக்ஸில் (எம்.சி.பி.-க்கள் இருக்கும் பெட்டி) நியூட்ரல் லிங்கில் (நியூட்ரல் வயர்கள் எல்லாம் சேரும் பித்தளைப் பட்டை) உள்ள வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, ஒவ்வொரு தடவையும் மூடிவிட்டுப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். எதைக் கழற்றினால் நிற்கிறதோ அங்கேதான் குற்றம். இது லைசென்ஸ் உள்ளவர் செய்யும் வேலை, நீங்கள் கை வைக்க வேண்டாம். 500 வோல்ட் மெக்கரில் வயருக்கும் எர்த்துக்கும் இடையே 1 மெகா ஓமுக்குக் குறைந்தால் அந்த லைன் தேறாது. எல்.இ.டி. விளக்குகளையும் டிவி, சார்ஜர்களையும் கழற்றிவிட்டுத்தான் மெக்கர் வைக்க வேண்டும்.

வாங்க வேண்டியிருந்தால் இரண்டு ஆர்.சி.சி.பி. வாங்குங்கள்: வெளி விளக்கு, மோட்டார், மாடி பாயிண்ட் ஒன்றில், வீட்டு உள்புறம் இன்னொன்றில். வெளியே ஈரம் பட்டாலும் உள்ளே ஃபிரிட்ஜ் ஓடிக்கொண்டே இருக்கும். ஆனால் இரண்டுக்கும் நியூட்ரல் லிங்க் தனித்தனியாக இருக்க வேண்டும். கலந்துவிட்டால் இரண்டுமே விழுந்துகொண்டிருக்கும். வெளி பாயிண்டுகளுக்கு தூசியையும் நீரையும் தடுக்கும் தர அளவு ஐ.பி. 55-க்குக் குறையாத மூடி போட்ட பெட்டி, வயர் கீழ்ப்பக்கமிருந்து ஏறும்படி. ஆர்.சி.சி.பி.-யில் உள்ள டெஸ்ட் பட்டனை மாதம் ஒரு முறை அழுத்துங்கள். உப்புக் காற்றில் அதன் உள் பாகமும் இறுகிப் போகும். அழுத்தியும் விழவில்லை என்றால் அன்றே மாற்ற வேண்டியதுதான்.

கேள்வி (தேவிபட்டினம்): ஒரு அறையில் பாதி பாயிண்டுகள் வேலை செய்யவில்லை. ஆனால் டெஸ்டர் வைத்தால் இரண்டு ஓட்டையிலும் எரிகிறது!

பதில்: நியூட்ரல் அறுந்திருக்கிறது. அந்த லைனில் போட்டு விட்ட விளக்கு வழியாக ஃபேஸ், நியூட்ரல் வயருக்குள் வந்து நிற்கிறது. எனவே எது நியூட்ரல் என்று நம்பி எதையும் தொடாதீர்கள். நியூட்ரல் ஒரு போர்டிலிருந்து அடுத்ததற்கு லூப்பாகப் போகும். வேலை செய்கிற கடைசி போர்டையும், செய்யாத முதல் போர்டையும் திறந்தால் போதும்; கழன்ற முனை அநேகமாக இரண்டில் ஒன்றில் இருக்கும். சுவரை உடைக்கக் கிளம்பிவிட வேண்டாம்.

கேள்வி (ராமநாதபுரம்): ஒன்றரை டன் ஏ.சி. போட்டால் 16 ஆம்பியர் எம்.சி.பி. விழுகிறது. 32 போட்டால் நிற்குமாம்.

பதில்: நிற்கும், வயர் உருகும் வரை. எம்.சி.பி. காப்பது ஏ.சி.யை அல்ல, சுவருக்குள் போகும் வயரை. போட்ட கணமே விழுகிறதா, பதினைந்து இருபது நிமிடம் ஓடி விழுகிறதா என்று கவனியுங்கள். உடனே விழுந்தால் அது "பி" வகை எம்.சி.பி.-யாக இருக்கலாம். கம்ப்ரஸர் கிளம்பும் வேகத்தைத் தாங்க அதே 16 ஆம்பியரில் "சி" வகை கேளுங்கள். "சி16" என்று முகப்பிலேயே அச்சிட்டிருக்கும். அதுவும் விழுந்தால் ஷார்ட் சர்க்யூட்டாக இருக்கலாம். ஓடி ஓடி விழுந்தால், எம்.சி.பி.-யின் திருகு தளர்ந்து சூடேறுகிறதா பார்க்க வேண்டும்; வெளி யூனிட்டின் தகடுகள் உப்பில் அடைத்திருந்தாலும் ஏ.சி. கூடுதலாக இழுக்கும். அதை நல்ல தண்ணீரில் கழுவவும், கிணற்று உவர்நீரில் அல்ல.

கேள்வி (கீழக்கரை): வளைகுடாவிலிருந்து கொண்டுவந்த கெட்டில், ஏர் ஃபிரையர் எல்லாம் சதுரப் பின் பிளக். அடாப்டர் வைத்துப் போடுகிறோம். சரியா?

பதில்: முதலில் சாமானின் அடியில் ஒட்டிய தகட்டைப் படியுங்கள். துபாய், கத்தார், குவைத் சாமான்கள் நம்முடையதைப் போல 50 ஹெர்ட்ஸ், வோல்ட்டேஜும் ஒத்துப்போகும். சவூதியில் 60 ஹெர்ட்ஸ். பழைய சாமான்களில் 127 அல்லது 110 வோல்ட்டும் உண்டு. 110, 127 என்றிருந்தால் நேராகச் செருகக் கூடாது. 60 ஹெர்ட்ஸ் மட்டும் எழுதிய ஃபேன் போன்ற மோட்டார் சாமான் இங்கே சூடாகலாம். கெட்டிலுக்கு அது பிரச்சினை இல்லை.

அடாப்டர் மொபைல் சார்ஜருக்குச் சரி. 1500 வாட் கெட்டிலுக்கு அல்ல. பல மலிவு அடாப்டர்களில் எர்த் தொடர்பே கிடையாது, பிடிப்பும் தளர்வு. சதுரப் பிளக்கை வெட்டிவிட்டு நம் 16 ஆம்பியர் மூன்று பின் பிளக் மாட்டுங்கள்: பழுப்பு நிற வயர் ஃபேஸ், நீலம் நியூட்ரல், பச்சை-மஞ்சள் மேலே உள்ள தடித்த எர்த் பின். ஒன்று இழக்கிறீர்கள்: சதுரப் பிளக்குக்குள் 3 அல்லது 13 ஆம்பியர் ஃபியூஸ் இருக்கும், நம் பிளக்கில் அது இல்லை. ஆகவே மெல்லிய வயர் உள்ள சிறு சாமான்களுக்கு 6 ஆம்பியர் பிளக் மாட்டி, 6 ஆம்பியர் எம்.சி.பி. உள்ள லைனில் போடுங்கள்.

கேள்வி (ஏர்வாடி): ஃபிரிட்ஜைத் தொட்டால் சுர்ரென்கிறது. எர்த் குழியில் உப்பும் கரியும் போட்டுத் தண்ணீர் ஊற்றியும் குறையவில்லை.

பதில்: மல்டிமீட்டரில் சாக்கெட்டின் ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 230 வந்தால், ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையிலும் ஏறக்குறைய அவ்வளவு வர வேண்டும். 100, 140 என்று ஆடினால் எர்த் அறுந்திருக்கிறது. பெரும்பாலும் அறுவது எர்த் குழாயில் கம்பி கட்டிய இடம். செம்புக் கம்பியை இரும்பு போல்ட்டில் இறுக்கினால் உப்பு ஈரத்தில் இரும்பை அது தின்றுவிடும். இங்கே மண்ணிலேயே உப்பு இருக்கிறது. மேலும் போடும் உப்பு குழாயைத்தான் அரிக்கும். செம்பு பூசிய எர்த் ராடை, ஈர மணல் தட்டும் ஆழம் வரை இறக்கி, பென்டோனைட் (ஈரத்தைப் பிடித்து வைக்கும் களிமண்) கலவை போடுங்கள். இணைப்பு கண்ணுக்குத் தெரியும்படி சிறு தொட்டிக்குள் இருக்கட்டும். சாக்கெட்டிலேயே நியூட்ரலையும் எர்த்தையும் சேர்த்துக் கட்டிவிடுவதாக யாராவது சொன்னால் விடாதீர்கள். நியூட்ரல் அறுந்த அன்று ஃபிரிட்ஜ் உடம்பு முழுக்க 230 வோல்ட் ஏறும்.

கேள்வி (சாயல்குடி): வாங்கிய எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் பத்து நாளில் கருகியது. பில் தரவில்லை, கடைக்காரர் கைவிரிக்கிறார்.

பதில்: கருகியதைத் தூக்கிப் போடாமல், படம் எடுத்து, அட்டைப் பெட்டியோடு வைத்திருங்கள். 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் தர மறுப்பதே முறையற்ற வணிகம். போனில் பணம் அனுப்பியிருந்தால் அந்தப் பதிவு நல்ல சான்று. ஐ.எஸ்.ஐ. முத்திரைக்குக் கீழே சி.எம்./எல். என்று தொடங்கும் எண் இருக்கும். அதை இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டால் எந்தக் கம்பெனிக்கு, எந்தப் பொருளுக்கு உரிமம் என்று வரும். எண் பொய்யாக இருந்தால் அதிலேயே புகார் பதியலாம். கடையோடு பேசித் தீர்க்க தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் முடியாவிட்டால் இரண்டு வருடத்துக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை. அடுத்தது வாங்கும்போது பெட்டியில் எழுதிய "16 ஆம்பியர்" என்பதை நம்பாமல் வயரின் மேல் அச்சிட்ட அளவைப் படியுங்கள். 0.75 சதுர மில்லிமீட்டர் என்றிருந்தால் அதில் கெட்டிலும் அயர்ன் பாக்ஸும் போடக் கூடாது.

கேள்வி (தொண்டி): திடீரென்று சில விளக்கு பளீரென்றும் சில மங்கலாகவும் எரிகின்றன. ஸ்டெபிலைசர் வாங்கலாமா?

பதில்: வாங்கப் போக நேரமில்லை, மெயினை அணையுங்கள். மும்முனை இணைப்பில் நியூட்ரல் விட்டுப்போனால் ஒரு பக்கம் 230 என்பது 300-ஐத் தாண்டி 400 அருகே கூடப் போகும். பக்கத்து வீட்டிலும் இப்படியே என்றால் குற்றம் தெருக் கம்பத்திலோ டிரான்ஸ்ஃபார்மரிலோ. மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987-ல், இரவானாலும், "நியூட்ரல் போயிருக்கிறது" என்று சொல்லுங்கள். வெறுமனே "வோல்ட்டேஜ் சரியில்லை" என்றால் அவசரம் புரியாது. உங்கள் வீட்டில் மட்டும் என்றால் மீட்டருக்குப் பின் வரும் நியூட்ரல் திருகைப் பார்க்க வேண்டும். மீட்டர் சீலை மட்டும் யாரும் தொடக் கூடாது.