ஃபீட்பேக்கில் 3.6 வந்தால் இன்கிரிமென்ட் போய்விடுமா?

கேள்வி: தனியார் பொறியியல் கல்லூரியில் உதவிப் பேராசிரியை நான். ஒரே பாடத்தை நானும் ஒரு ஆண் ஆசிரியரும் ஆளுக்கொரு செக்‌ஷனுக்கு எடுக்கிறோம். மாணவர் ஃபீட்பேக்கில் ஐந்துக்கு அவருக்கு 4.3, எனக்கு 3.6. ‘சிரிக்கவே மாட்டாங்க’ என்று எழுதியிருக்கிறார்கள். இன்கிரிமென்ட் கிடைக்காது என்கிறார் துறைத் தலைவர் (எச்.ஓ.டி.). என்ன செய்வது?

பதில்: அந்த ஆண் ஆசிரியர் சிரிக்கிறாரா என்று எந்த மாணவராவது எழுதியிருக்கிறாரா? எழுதியிருக்க மாட்டார்.

அமெரிக்காவில் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஆன்லைன் வகுப்பு ஒன்றில், ஆசிரியர் ஆணா பெண்ணா என்பதைப் பார்த்து மாணவர்கள் மதிப்பெண்ணை மாற்றுகிறார்களா என்று சோதித்து, 2015-இல் முடிவை வெளியிட்டார்கள். ஓர் ஆண், ஒரு பெண். இருவரும் ஒரு பிரிவுக்குச் சொந்தப் பெயரிலும் இன்னொன்றுக்கு மற்றவர் பெயரிலும் பாடம் எடுத்தார்கள். மாணவர்கள் 43 பேர்தான். வீட்டுப்பாடங்களை ஒரே நேரத்தில் திருத்திக் கொடுத்தும், ‘தாமதிக்காமல் திருத்துகிறாரா’ என்பதற்கு ஆண் பெயருக்கு 4.35, பெண் பெயருக்கு 3.55! தேதி பார்த்துச் சொல்லக்கூடிய விஷயத்திலேயே இந்தக் கதி.

எச்.ஓ.டி.யிடம் வாயால் வாதாடாதீர்கள், எழுதிக் கேளுங்கள். வகுப்பில் எத்தனை பேர், ஃபீட்பேக் கொடுத்தவர்கள் எத்தனை பேர், ஒவ்வொரு கேள்விக்கும் 1 போட்டவர் எத்தனை, 5 போட்டவர் எத்தனை. சராசரியை மட்டும் நீட்டினால் வாங்காதீர்கள். இரண்டு செக்‌ஷனின் தேர்வு முடிவையும் சேர்த்துக் கேளுங்கள்.

ஒரு விதிவிலக்கு உண்டு. ‘கடைசி பெஞ்சுக்குக் கேட்கவில்லை’ என்று பத்துப் பேர் எழுதியிருந்தால் அது பாரபட்சம் இல்லை. அதே அறையில் சக ஆசிரியை ஒருவரைப் பேசவிட்டு, கடைசி பெஞ்சில் நீங்களே உட்கார்ந்து பாருங்கள். ஃபேன் ஓடும்போது பாருங்கள். போர்டில் எழுத்து தெரிகிறதா, அதையும் பாருங்கள். குறை இருந்தால் சரிசெய்துவிட்டு, சரிசெய்ததையும் கடிதத்தில் எழுதுங்கள்.

அப்புறம், ஃபீட்பேக் வாரத்தில் இன்டர்னல் மார்க்கை அள்ளி விடாதீர்கள். நாளைக்கு உங்கள் மேலேயே அது திரும்பும். கல்லூரிக்குத் தர மதிப்பீடு தரும் நாக் (NAAC) குழு வரும் சமயம் பார்த்து லேப்டாப் பையோடு வரும் கன்சல்டன்ட்களிடம் இன்னும் ஜாக்கிரதை. கலர் கிராஃப் போடும் மென்பொருளை நிர்வாகத்துக்கு விற்றுவிட்டு, ‘ஸ்கோரை ஏற்ற’ ஆசிரியைகளுக்குப் புன்னகைப் பயிற்சியும் விற்பார்கள். ஒரு கல்லூரியில் அந்தக் கட்டணத்தை ஆசிரியைகளின் சம்பளத்திலேயே பிடித்ததை நான் பார்த்திருக்கிறேன்.

டொரன்டோவில் அப்போது ரயர்சன் என்றிருந்த பல்கலைக்கழகத்தில், பதவி உயர்வுக்காகக் கற்பிக்கும் திறனை இந்த மதிப்பெண்ணால் அளக்கக் கூடாது என்று 2018-இல் நடுவர் தீர்ப்பே வந்தது. நம் கல்லூரிகளோ ஒரு தசம எண்ணுக்கு மாலை போட்டுக்கொண்டிருக்கின்றன. அந்தத் தீர்ப்பு இங்கே செல்லாது. இருந்தாலும் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரி சேருங்கள். பிரின்சிபல் அலுவலகத்தில் கொடுத்து, நகலில் சீலும் தேதியும் வாங்காமல் வெளியே வராதீர்கள்.