சுழலாத பந்தும் ஹாய்ட் வில்ஹெல்மும்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: சுழலாமல் மெதுவாக வரும் நக்கிள் பால் பேஸ்பாலில் இருந்து வந்தது என்கிறார்கள். அங்கே இதில் பெயரெடுத்தவர் யார்? (வாசகர், சின்னப்பம்பட்டி)

பதில்: பலர் உண்டு. முதலில் சொல்ல வேண்டியவர் ஹாய்ட் வில்ஹெல்ம். 1922இல் அமெரிக்காவின் வட கரோலினாவில் பிறந்தவர். டச்சு லெனார்ட் என்ற பிட்சர் (பேஸ்பாலில் பந்து வீசுபவர்) பந்தைப் பிடிக்கும் விதத்தைச் சிறுவயதில் செய்தித்தாள் படத்தில் பார்த்து, டென்னிஸ் பந்தில்தான் பழகினார். இரண்டாம் உலகப் போரில் படைக்குப் போய் பல்ஜ் சண்டையில் காயம்பட்டார். திரும்பி வந்த பிறகும் பல வருடம் சிறிய லீக்குகளில்தான். நியூயார்க் ஜயன்ட்ஸ் அணி அவரைப் பெரிய லீக்கில் இறக்கியது 1952இல், அப்போது வயது 29. உங்கள் ஊர் நடராஜன் 2020 டிசம்பரில் கான்பெராவில் இந்தியாவுக்காக முதல் ஆட்டம் ஆடியபோதும் 29தான்.

அந்த முதல் ஆண்டிலேயே வில்ஹெல்ம் 15 ஆட்டங்களில் வென்றார், தோற்றது 3. மட்டை பிடித்த முதல் முறையே ஹோம் ரன் (நம்ம சிக்ஸர் மாதிரி) அடித்தார். அதற்குப் பிறகு 1972 வரை ஆடியும் இன்னொரு ஹோம் ரன் வரவேயில்லை! 1958 செப்டம்பர் 20 அன்று பால்டிமோர் ஓரியோல்ஸுக்காக, அந்த ஆண்டு சாம்பியனான யாங்கீஸ் அணிக்கு ஒரு ஹிட் (அடித்துவிட்டு ஓடி இடம் சேரும் அடி) கூடத் தராமல் 1-0 என ஜெயித்தார். பெரும்பாலும் நடுவில் இறங்கும் ரிலீஃப் பிட்சராக இருந்தவர், முழு ஆட்டத்தையும் தனியாக வீசி முடித்த நாள் அது.

கேள்வி: விரலை மடக்கித்தான் போடுகிறேன். ஆனாலும் பந்து சுழல்கிறது, அடி விழுகிறது. எங்கே தப்பு? (வாசகர், வாழப்பாடி)

பதில்: நக்கிள் என்றால் விரல் கணு. பெயரைப் பார்த்து அந்தக் கணுவைப் பந்தில் பதிக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். வில்ஹெல்ம் போன்றவர்கள் பதித்தது விரல் நுனியை. ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நகத்தையும் தையலுக்குச் சற்றுக் கீழே தோலில் ஊன்றுங்கள். கட்டைவிரலும் மோதிரவிரலும் பக்கத்தில் தாங்கினால் போதும், அழுத்தக் கூடாது. நகம் சதையைவிடத் துளி நீண்டு, நேராக ராவியிருக்க வேண்டும். ஒரு நகம் உடைந்தால் அன்றைக்கு இந்தப் பந்தை மறந்துவிடுங்கள்.

விடும்போது மணிக்கட்டை ஒடிக்காதீர்கள், அதுதான் பந்தைச் சுழற்றிவிடுகிறது. இரண்டு விரலும் ஒரே நொடியில் நிமிர்ந்து பந்தைத் தள்ள வேண்டும். ஒன்று பிந்தினாலும் பக்கவாட்டில் சுழலும். வேகத்துக்கு ஆசைப்பட்டால் மணிக்கட்டு தானாக உள்ளே வந்துவிடும். பேஸ்பாலில் இந்தப் பந்தின் வேகம் பெரும்பாலும் மணிக்கு 105 முதல் 120 கி.மீ.தான்.

டென்னிஸ் பந்தைச் சுற்றி ஒரே ஒரு வரிசை கறுப்பு டேப் ஒட்டுங்கள். பத்தடி தூரத்தில் நண்பரை நிறுத்திப் போடுங்கள். டேப் தெளிவாகத் தெரிந்தால் சரி, மங்கிக் கலங்கினால் சுழல்கிறது. பத்துக்கு எட்டு சரியாக வந்த பிறகே தூரத்தைக் கூட்டுங்கள்.

ஒரு எச்சரிக்கை. பேஸ்பாலில் முழங்கையை மடக்கி எறியலாம். கிரிக்கெட்டில் 15 டிகிரிக்கு மேல் கை நிமிர்ந்தால் எறிபந்து. தள்ளும் ஆசையில் கை மடங்கிவிடும். பக்கத்தில் இருந்து செல்போனில் படம் எடுத்துப் பாருங்கள்.

இன்னொன்று: பேஸ்பாலின் தையல் பந்து முழுக்க வளைந்து ஓடும். பந்து மெல்லத் திரும்பும்போது தையல் இடம் மாற, காற்று தள்ளும் திசையும் மாறும். அதனால்தான் அது ஆடி ஆடி வரும். கிரிக்கெட் பந்தில் தையல் நடுவில் ஒரே பட்டைதான், அந்த அளவு ஆட்டத்தை எதிர்பார்க்காதீர்கள். பின்சுழற்சி இல்லாததால் பேட்ஸ்மேன் நினைத்ததைவிட முன்னதாக விழும், ஆதாயம் அதுதான். 2011 உலகக் கோப்பையில் ஜாகீர் கான் விக்கெட் எடுத்ததும் இந்த மெதுபந்தால்தான்.

கேள்வி: இங்கே பனி இறங்கினால் பந்து ஈரமாகிறது. ஆடி ஆடி வரும் பந்தை கீப்பரும் எப்படிப் பிடிப்பார்? (வாசகர், ஏற்காடு)

பதில்: ஈரத்தில் நகம் வழுக்கும், அந்த நேரம் போடாதீர்கள். பிடிப்பது அங்கேயும் பெரும்பாடுதான். 1959இல் ஓரியோல்ஸ் கேட்சர்கள் (அங்கே கீப்பர் மாதிரி) 49 பந்துகளைத் தவறவிட்டார்கள். 1960இல் மேலாளர் பால் ரிச்சர்ட்ஸ் ராட்சதக் கையுறை ஒன்றைச் செய்வித்தார். பிற்பாடு அதன் சுற்றளவு 38 அங்குலத்தைத் தாண்டக் கூடாது என்று விதியே வந்தது. உங்கள் கீப்பர் கடைசி நொடி வரை கையை நீட்டாமல், உடம்பைப் பந்தின் பின்னால் வைக்கட்டும்.

கேள்வி: வில்ஹெல்ம் எத்தனை வயது வரை ஆடினார்? (வாசகர், அஸ்தம்பட்டி)

பதில்: 1972 ஜூலையில் டாட்ஜர்ஸ் அணி அவரை விடுவித்தபோது ஐம்பதாவது பிறந்தநாளுக்குச் சில நாட்களே பாக்கி. மொத்தம் 1,070 ஆட்டங்கள். ஒன்பது இன்னிங்ஸுக்கு அவர் கணக்கில் சேர்ந்த ரன் சராசரி 2.52. ரிலீஃப் பிட்சர்களில், பேஸ்பால் சாதனையாளர்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேமில் முதலில் இடம் பெற்றவரும் அவரே, 1985இல்.