ஈரக் கையும் மூன்று பூட்டும்

பணம் அனுப்பும் ஆப்பில் எவ்வளவு பூட்டு வேண்டும், எவ்வளவு போட்டால் தொழில் கெடாது என்று கேட்டு, ராமநாதபுரம் கரையோரத்திலிருந்து வந்த நாலு கேள்விகளை இந்த வாரம் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: பாம்பனில் பச்சை மீனும் கருவாடும் விற்கிறேன். காலையில் ஏலம் முடிந்த கையோடு பணம் அனுப்பியாக வேண்டும். கையெல்லாம் செதிலும் உப்புத் தண்ணியுமாக இருக்கும். போன் என் விரலை ஏற்பதே இல்லை. நாலு தடவை வைத்துப் பார்த்துவிட்டு நம்பர் போட்டால், ஆப்பைத் திறக்க மறுபடி நம்பர், அனுப்புவதற்கு பின் நம்பர். அதற்குள் அடுத்த கூடை போய்விடுகிறது. நான் படும் பாட்டைப் பார்த்து என் மகன் போன் பூட்டையே எடுத்துவிட்டான். பின் நம்பரையும் என் பிறந்த வருஷமாக மாற்றிவிட்டான். இப்போது வேலை சுலபம்தான், ஆனால் ராத்திரி பயமாக இருக்கிறது. (வாசகி, பாம்பன்)

பதில்: பயப்படுவது சரிதான் அக்கா. மகன் உங்கள் சிரமத்தைப் பார்த்துச் செய்திருக்கிறார், அதையும் குறை சொல்ல முடியாது. எந்தப் பூட்டைத் தளர்த்தலாம், எதைத் தொடக்கூடாது என்பது அவருக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

உங்கள் பணத்துக்கு முன்னால் மூன்று பூட்டு இருக்கிறது. முதலாவது கண்ணுக்குத் தெரியாது. ஆப்பை முதன்முதலாகப் போட்டபோது உங்கள் சிம்மிலிருந்து ஒரு எஸ்எம்எஸ் தானாகப் போனது நினைவிருக்கும். அந்தச் சிம்மையும் அந்தப் போனையும் வங்கிக் கணக்கோடு சேர்த்து முடிச்சுப் போட்ட இடம் அது. அதனால் எங்கோ உட்கார்ந்திருக்கும் ஒருவனுக்கு உங்கள் பின் நம்பர் மட்டும் தெரிந்து பிரயோஜனமில்லை, உங்கள் போனும் வேண்டும். இரண்டாவது, போனின் திரைப் பூட்டு. மூன்றாவது, பின் நம்பர். மகன் இரண்டாவதை எடுத்துவிட்டு மூன்றாவதையும் ஊருக்கே தெரிந்த எண்ணாக்கிவிட்டார். இப்போது உங்கள் போன் யார் கையில் கிடைக்கிறதோ, அவருக்கு மூன்றும் திறந்த மாதிரிதான்.

இன்னொன்றும் கேட்கிறேன். உங்கள் ஏடிஎம் கார்டு எங்கே இருக்கிறது? நம் பக்கத்தில் நிறையப் பேர் அதைப் போன் உறைக்குள்ளேயே செருகி வைத்திருப்பதைப் பார்க்கிறேன். உறையைக் கழற்றினால் கார்டு, கார்டை ஒட்டி நாலாக மடித்த ஒரு துண்டுத் தாள், தாளில் கார்டின் பின் நம்பராக நாலு எண். பின் நம்பர் மறந்துவிட்டது என்று ஆப்பில் அழுத்தினால், கார்டின் கடைசி ஆறு எண்களையும் காலாவதி மாதம், வருஷத்தையும் கேட்கும். பிறகு ஓடிபி வரும். வருவதும் அதே போனுக்குத்தான். பூட்டில்லாத போனும் கார்டும் அந்தத் தாளும் ஒரே இடத்தில் இருந்தால், பழைய பின் நம்பர் தெரியாமலே புதுப் பின் போட்டுக்கொள்ளலாம். கார்டை இன்றைக்கே எடுத்து வீட்டில் வையுங்கள். பூட்டிய திரையில் எஸ்எம்எஸ் எழுத்துகள் தெரியாதபடி மறைத்துவைக்கவும் மகனிடம் சொல்லுங்கள்.

திரைப் பூட்டைத் திரும்பப் போட்டே ஆக வேண்டும், ஆறு இலக்கத்தில். விரல் ரேகைக்கு வலது கட்டை விரலை விட்டுவிடுங்கள். நாள் முழுக்க மீன் ஆய்கிற கையில் அதுதான் முதலில் தேய்ந்திருக்கும். இடது கை மோதிர விரலை, கை நன்றாகக் காய்ந்திருக்கும் ராத்திரி நேரத்தில், தனித்தனியாக இரண்டு தடவை பதியச் சொல்லுங்கள். ஏற்பது அதிகமாகும். இதை எழுதும்போது கடலில் பாசி எடுக்கப் போகிற பெண்கள் நினைவுக்கு வருகிறார்கள். விரலில் துணியைச் சுற்றிக்கொண்டுதான் பாறையில் கை வைக்கிறார்கள், அப்படியும் விரல் நுனி கிழிந்துதான் வருகிறது. ரேஷன் கடையில் ரேகை விழாமல் வரிசையில் நின்று அலுத்தவர்களுக்கு இது தெரியும். ரேகையை மட்டும் நம்பிச் செய்த பூட்டு உழைக்கிற கைக்கு ஆகாது. பின் நம்பருக்குப் பதிலாக ரேகையையோ முகத்தையோ வைத்தே பணம் அனுப்பும் வசதி 2025 அக்டோபரில் அறிமுகமானது. உங்களுக்கு அதைச் சொல்லமாட்டேன். அதை எடுத்துக்கொள்கிறவர்களும், போனில் வேறு யாருடைய ரேகையும் பதிந்திருக்கிறதா என்று முதலில் பார்த்துவிடுங்கள்.

சரி, ஏலத்தில் நேரம் போகிறதே, அதற்கு என்ன செய்வது? யூபிஐ லைட் என்று உங்கள் ஆப்பிலேயே ஒன்று இருக்கும். அதற்குள் 5,000 ரூபாய் வரை போட்டு வைக்கலாம். ஒரு தடவைக்கு 1,000 ரூபாய் வரை பின் நம்பர் இல்லாமலே அனுப்பலாம். ஐஸ், கூலி, ஆட்டோ, டீ, சின்னக் கூடை எல்லாம் அதிலேயே முடியும். இடுப்பில் செருகிக்கொண்டு போகிற சுருக்குப்பை மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். தொலைந்தால் அந்தப் பையில் இருப்பது போகலாம், பீரோவில் இருப்பது போகாது. அதனால் நிறையப் போட்டு வைக்காமல் அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் போடுங்கள்.

பெரிய ஏலத்துக்குப் பின் நம்பர் போட்டுத்தான் ஆக வேண்டும். ஆனால் அந்தப் பின் நம்பர் எந்தக் கணக்கைத் திறக்கிறது என்பதை நீங்கள் முடிவு செய்யலாம். வியாபாரத்துக்கு ஒரு கணக்கு, சேமிப்புக்கு வேறொரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். மகள் கல்யாணத்துக்குச் சேர்த்ததும் நகைக்கடன் திருப்ப வைத்திருப்பதும் இருக்கும் கணக்கை எந்த ஆப்பிலும் சேர்க்க வேண்டாம். வருஷத்தில் நாலு தடவை அதிலிருந்து எடுப்பதற்கு வங்கி வரை நடப்பதில் நஷ்டமில்லை. உங்கள் கேள்விக்கு நான் தரும் முக்கியமான பதில் இதுதான். சுலபமாக எடுக்க வேண்டிய பணத்தையும் பத்திரமாக இருக்க வேண்டிய பணத்தையும் ஒரே பூட்டுக்குப் பின்னால் வைத்துவிட்டு, பூட்டு இறுகுகிறதே என்றோ தளர்கிறதே என்றோ தவிக்கிறோம்.

ஆப்பைத் திறக்கத் தனியாக நம்பர் கேட்பதைச் சில ஆப்களில் அணைத்து வைக்கலாம். திரைப் பூட்டும் நல்ல பின் நம்பரும் இருந்தால் அதை அணைப்பதில் பெரிய ஆபத்தில்லை. உங்கள் மூன்று படியில் ஒன்று குறையும். கருவாட்டுக்கு வரும் பணத்தைப் பார்க்கவும் போனைத் திறக்க வேண்டாம், சத்தமாகச் சொல்லும் சவுண்ட் பாக்ஸ் போதும். மாத வாடகை எவ்வளவு என்று மட்டும் கேட்டுக்கொண்டு வாங்குங்கள்.

கேள்வி: வீட்டுக்காரர் நாட்டுப்படகில் கடலுக்குப் போகிறவர். வலை, டீசல், மளிகை எல்லாம் கரையில் நான்தான் பார்க்கிறேன். பணம் அவர் கணக்கில். போனையும் பின் நம்பரையும் என்னிடம் கொடுத்துவிட்டுப் போகிறார். இது தப்பா? (வாசகி, மூக்கையூர்)

பதில்: வீட்டுக்குள் நம்பிக்கை இருப்பது நல்லதுதான். ஆனால் போன் கரையில் தங்கிவிட்டால், கடலில் ஏதாவது என்றால் அவர் எதில் பேசுவார்? எனக்கு முதலில் அந்தக் கவலைதான் வந்தது.

இதற்கென்றே யூபிஐ சர்க்கிள் என்ற வசதி 2024-ல் வந்திருக்கிறது. அவர் கணக்கிலிருந்து உங்கள் போனிலேயே நீங்கள் செலவழிக்க அவர் அனுமதி தரலாம். முழு அனுமதி கொடுத்தால் மாதத்துக்கு 15,000 ரூபாய், ஒரு தடவைக்கு 5,000 ரூபாய் வரை. ஒவ்வொரு செலவுக்கும் அவர் ஒப்புதல் தரும் முறையும் உண்டு. கடலில் சிக்னல் கிடைக்காது என்பதால் அது உங்களுக்குச் சரிப்படாது, முழு அனுமதியையே எடுத்துக்கொள்ளுங்கள். அவர் பின் நம்பர் உங்களுக்குத் தெரியவே வேண்டாம். உங்கள் வங்கியும் ஆப்பும் இதைத் தருகின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் அவர் கரையில் இருக்கும்போதே உங்கள் பெயரில் உள்ள கணக்குக்கு வாரச் செலவை மாற்றிவிட்டுப் போகலாம்.

கேள்வி: துபாயில் வேலை பார்க்கிறேன். உம்மாவின் வங்கிக் கணக்கில் இன்னும் என் ஊர் நம்பர்தான் இருக்கிறது. ஓடிபி எனக்கு வரும், நான் வாட்ஸ்அப்பில் கூப்பிட்டுச் சொல்வேன். நம்பரை மாற்ற அலைய வேண்டுமே என்று விட்டுவிட்டேன். (வாசகர், கீழக்கரை)

பதில்: அலைய வேண்டியது ஒரே ஒரு தடவை. உம்மா ஆதாரும் பாஸ்புக்கும் எடுத்துக்கொண்டு கிளைக்குப் போய் ஒரு படிவம் கொடுத்தால் நம்பர் மாறிவிடும். உங்கள் ஊர் சிம் ரீசார்ஜ் இல்லாமல் செத்துப்போனால், அந்த நம்பர் பிறகு யாரிடமாவது போய்ச் சேரும். அவருக்கு உம்மாவின் ஓடிபி வரும்.

இதைவிட எனக்குக் கவலை தருவது வேறு. ஓடிபி என்பது போனில் பேசிச் சொல்லிக்கொள்ளும் சங்கதி என்று உம்மாவுக்கு நீங்களே பழக்கிவிட்டீர்கள். நாளைக்கு ஒருவன் பேங்க் மேனேஜர் என்று கூப்பிட்டால் அதே பழக்கத்தில் சொல்லிவிடுவார். நம்பரை மாற்றிய பிறகு, 'நான் கேட்டாலும் சொல்லாதீங்க' என்று உம்மாவிடம் சொல்லுங்கள், உங்கள் குரலிலேயே சொல்லுங்கள். முன்பணம் போட்டிருக்கிறேன், வாங்கிக்கொள்ள பின் நம்பர் போடுங்கள் என்று வருகிற அழைப்பையும் சேர்த்துச் சொல்லிவையுங்கள். பணம் வாங்க பின் நம்பர் எப்போதுமே தேவையில்லை.

கேள்வி: கடலுக்குப் போய்த் திரும்பிப் போனைப் பார்த்தால் நான் அனுப்பாத 18,000 ரூபாய் போயிருக்கிறது. யாரிடமும் பின் நம்பர் சொல்லவில்லை. வங்கியில் 'நீங்கள்தான் ஜாக்கிரதையாக இருந்திருக்க வேண்டும்' என்கிறார்கள். (வாசகர், மண்டபம்)

பதில்: அந்தப் பதிலோடு திரும்பி வராதீர்கள். வாடிக்கையாளர் செய்யாத பரிமாற்றங்களைப் பற்றி 2017 ஜூலை 6 அன்று ரிசர்வ் வங்கி தெளிவான விதி வகுத்திருக்கிறது. தவறு உங்கள் மேலும் இல்லாமல் வங்கி மேலும் இல்லாமல் நடுவில் எங்கோ நடந்திருந்தால், வங்கியின் தகவல் வந்ததிலிருந்து மூன்று வேலை நாளுக்குள் புகார் கொடுத்தவருக்கு ஒரு ரூபாய் நஷ்டமும் கிடையாது. தகவல் வந்த நாள் கணக்கில் சேராது, விடுமுறையும் சேராது. நாலு முதல் ஏழு வேலை நாள் என்றால் சாதாரணச் சேமிப்புக் கணக்குக்கு அதிகபட்சம் 10,000 ரூபாய் வரை உங்கள் தலையில் வரலாம். பின் நம்பரை நீங்களே சொன்னது போன்ற கவனக்குறைவு உங்கள் பக்கம் இருந்தால், புகார் கொடுக்கும் வரை ஆன நஷ்டம் உங்களுடையது. உங்கள் தவறு என்று நிரூபிக்க வேண்டியது வங்கியின் பொறுப்பு.

எனவே முதலில் சைபர் மோசடிப் புகாருக்கான உதவி எண் 1930-க்குக் கூப்பிடுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குக்கு மாறுவதற்குள் நிறுத்திவைக்க அதுதான் வழி. அதே நாளில் வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுத்து, தேதியும் நேரமும் போட்ட ரசீதோ புகார் எண்ணோ வாங்குங்கள். வாய்ப்பேச்சில் சொன்னதைப் பிறகு யாரும் ஒத்துக்கொள்ளமாட்டார்கள். புகார் கொடுத்த பத்து வேலை நாளுக்குள் அந்தத் தொகையை உங்கள் கணக்கில் வரவு வைக்க வேண்டும், 90 நாளுக்குள் புகாரை முடிக்க வேண்டும் என்றும் அதே விதியில் இருக்கிறது. 30 நாள் ஆகியும் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளருக்கு எழுதலாம், கட்டணம் இல்லை. வழி கேட்க 14448-க்குக் கூப்பிட்டால் சொல்வார்கள்.

கடலில் இருந்த நாட்களில் எஸ்எம்எஸ் எப்போது வந்தது என்பதில் சண்டை வரலாம். படகு கடலுக்குப் போன நாளில் மீன்வளத் துறை கொடுத்த அனுமதி டோக்கன் கைவசம் இருந்தால் அதன் நகலையும் புகாரோடு சேர்த்துக் கொடுங்கள்.