இரட்டை விழும்போது யாருக்குக் காசு?

கேள்வி: காசினோவில் ஹவுஸ் எட்ஜ் என்கிறார்களே, அது என்ன? அதைத் தெரிந்துகொண்டால் ஜெயிக்கிற மாதிரிப் பந்தயம் கட்ட முடியுமா?

ஜெயிக்கிற மாதிரிக் கட்ட முடியாது. குறைவாகத் தோற்கிற மாதிரிக் கட்ட முடியும். அந்த வித்தியாசம் சின்னது இல்லை. ஒரே மேசையில் ஒருவர் நூற்றுக்கு மூன்று ரூபாய் விடுகிறார், பக்கத்தில் நிற்பவர் முப்பது ரூபாய் விடுகிறார். நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

எனக்குச் சொந்த ஊர் குடியாத்தம். வைகாசி முதல் நாள் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா என்றால் சுற்றுப்பட்டு ஊரெல்லாம் அங்கேதான் இருக்கும். நான் பத்தாவது படித்த வருஷம், ஆற்று மணலில் கூட்டத்தை விட்டுக் கொஞ்சம் ஒதுங்கி ஒருவர் லங்கர் கட்டை உருட்டிக்கொண்டிருந்தார். தரையில் ரெக்சின் துணி, அதில் ஆறு கட்டம்: லங்கர், மகுடம், ஆட்டின், டைமன், கிளாவர், இஸ்பேட்டு. டப்பாவுக்குள் பகடை மாதிரி மூன்று கட்டை, ஒவ்வொன்றின் ஆறு பக்கத்திலும் இதே ஆறு படம். நீங்கள் வைத்த படம் ஒரு கட்டையில் விழுந்தால் ஒன்றுக்கு ஒன்று, இரண்டில் விழுந்தால் ஒன்றுக்கு இரண்டு, மூன்றிலும் விழுந்தால் ஒன்றுக்கு மூன்று. வைத்த காசும் திரும்பி வரும். "ஆறு படம், மூணு கட்டை. பாதிக்குப் பாதி உனக்குத்தான் தம்பி" என்றார். எனக்கும் அது சரியாகவே பட்டது. திருவிழாச் செலவுக்கு வைத்திருந்த இருபது ரூபாயும் போனது.

எங்கள் கணக்கு வாத்தியாரிடம் இதைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. கரும்பலகையில் ஆறு கட்டம் போட்டு, "ஆறிலும் ஒவ்வொரு ரூபாய் வை, அப்புறம் உருட்டலாம்" என்றார்.

மூன்று கட்டையிலும் மூன்று வேறு படம் விழுந்தால், தோற்ற மூன்று கட்டத்திலிருந்து மூன்று ரூபாயை எடுத்து ஜெயித்த மூன்று கட்டத்துக்குக் கொடுத்துவிடுகிறார். உருட்டுகிறவருக்கு ஒன்றும் மிஞ்சாது. ஒரே படம் இரண்டு விழுந்தால்? அந்தக் கட்டத்துக்கு இரண்டு ரூபாய், இன்னொரு கட்டத்துக்கு ஒரு ரூபாய், ஆக மூன்று கொடுக்கிறார். ஆனால் தோற்ற கட்டங்கள் நான்கு. ஒரு ரூபாய் அவர் மடிக்குப் போகிறது. மூன்றும் ஒரே படமானால் மூன்று கொடுத்து ஐந்து எடுக்கிறார், இரண்டு ரூபாய் லாபம். மூன்று கட்டை விழுகிற விதம் மொத்தம் 216. அதில் வெறும் இரட்டை 90, மூன்றும் ஒன்றாக விழுவது 6. கூட்டிப் பெருக்கிப் பார்த்தால் வைக்கும் ஒவ்வொரு நூறு ரூபாய்க்கும் சராசரி 7.87 ரூபாய் அவருக்குப் போகிறது.

ஆற்றங்கரையில் இரட்டை விழுந்தபோதுதான் கூட்டம் கைதட்டியது. அவருக்குச் சம்பாத்தியம் வருவதும் அப்போதுதான்.

இதுதான் ஹவுஸ் எட்ஜ். கட்டையில் ஈயம் வைக்க வேண்டியதில்லை, கை வேலை எதுவும் வேண்டாம். நடக்கிற வாய்ப்பு ஒன்று, அதற்குக் கொடுக்கிற விலை அதைவிடக் கொஞ்சம் குறைவு. நடுவில் இருக்கும் அந்தக் கொஞ்சம்தான் கடைக்காரனின் வருமானம்.

அப்புறம் ஆம்பூரில் ஷூ கம்பெனி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தேன். 2013 இல் ஹாங்காங் தோல் கண்காட்சிக்கு என்னையும் அனுப்பினார்கள். கண்காட்சி முடிந்த மறுநாள், தோல் கொள்முதல் பார்க்கும் நண்பர் ஒருவர் மக்காவ் பார்த்துவிட்டு வரலாம் என்றார். படகில் ஒரு மணி நேரம். உள்ளே போனால் ஒரு மேசையில் கண்ணாடிக் குடுவைக்குள் மூன்று கட்டை. எனக்கு அப்படியே ஆற்று மணல் ஞாபகம் வந்துவிட்டது. அங்கே அதற்கு சிக் போ என்று பெயர்.

ஒரே மேசை, அதே மூன்று கட்டை. ஆனால் எந்தக் கட்டத்தில் வைக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து மூன்று வேறு விலை. பெரிசு, சின்னது என்று இரண்டு கட்டம் இருந்தது. கூட்டுத்தொகை 11 முதல் 17 வரை பெரிசு, 4 முதல் 10 வரை சின்னது, மூன்றும் ஒரே எண்ணாக விழுந்தால் இரண்டுமே தோல்வி. 216 இல் 105 உங்களுக்கு, 111 அவர்களுக்கு. எட்ஜ் 2.78 சதவீதம். தனி எண்ணில் வைத்தால் நம்ம ஊர் லங்கர் கட்டை விலையேதான், 7.87. மூன்று ஆறு, மூன்று ஒன்று என்று குறிப்பிட்டு வைத்தால் ஒன்றுக்கு நூற்றைம்பது என்று எழுதியிருந்தது. நடக்கிற வாய்ப்போ 216 இல் ஒன்று. வைத்த காசையும் சேர்த்து 151 தான் திரும்பி வரும். எட்ஜ் 30 சதவீதம். அந்தக் கட்டத்தில்தான் நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள்.

30 என்ற எண்ணைப் பார்த்ததும் எனக்கு நைனா ஞாபகம். எங்கள் பக்கம் எண் எழுதிப் பந்தயம் கட்டும் காட்டன் சீட்டு என்றால் தெரியாதவர் கிடையாது. நியூயார்க் பருத்திச் சந்தையின் விலை நிலவரத்தின் மேல் பம்பாயில் ஒரு காலத்தில் பந்தயம் கட்டினார்கள், அதிலிருந்து வந்த பெயர். இன்றைக்கும் ஆம்பூர், வாணியம்பாடி, குடியாத்தம் பக்கம் காட்டன் எழுதியவர் கைது என்று பேப்பரில் வருகிறது. நைனா லுங்கித் தறி ஓட்டினார். தினமும் பத்து ரூபாய்க்கு இரண்டு இலக்க எண் எழுதுவார். கனவில் பாம்பு வந்தால் ஒரு எண், செத்துப்போன தாத்தா வந்தால் ஒரு எண். எங்கள் தெருவில் அப்போது விலை ஒன்றுக்கு எழுபது. 00 முதல் 99 வரை நூறு எண், விழுந்தால் எழுபது. நூறில் முப்பது அங்கேயே போய்விட்டது. விழுந்த நாளில் ஆற்காட்டு மக்கன் பேடா வாங்கி வருவார், வீடே சந்தோஷமாக இருக்கும். விழாத நாட்களுக்கு வீட்டில் ஓர் அடையாளமும் இருக்காது. அம்மாவுக்குக்கூட அந்த பேடாதான் ஞாபகம் இருக்கிறது. மக்காவிலிருந்து வந்து சொன்னதும் நைனா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அவ்ளோ பெரிய பங்களா கட்டி வெச்சிருக்கான், அவனும் நம்ம சீட்டு எழுதறவனும் ஒரே விலையாடா?" என்று கேட்டார். ஒரே விலைதான்.

இப்போது பலரும் தவறாகப் புரிந்துகொள்ளும் இடத்துக்கு வருகிறேன். என் நண்பர் 3,000 ஹாங்காங் டாலர் வைத்திருந்தார். "பெரிசு, சின்னது மட்டும் ஆடறேன். ரெண்டே முக்கால் பர்சன்ட்தானே, மூவாயிரத்துக்கு 83 டாலர், போனால் போகட்டும்" என்றார். படித்தவர், கொள்முதல் பார்க்கிறவர், சதுர அடிக்குக் கால் டாலரை விடமாட்டார். அவரே இதில் சறுக்கினார். எட்ஜ் உங்கள் பையில் இருக்கும் பணத்தின் மேல் இல்லை. ஒவ்வொரு முறை மேசையில் வைக்கும்போதும், அப்போது வைத்த தொகையின் மேல். அவர் ஒரு ஆட்டத்துக்கு 200 டாலர் வைத்தார். மணிக்கு ஏறக்குறைய 45 ஆட்டம், நான்கு மணி நேரம், ஆக 180 ஆட்டம். மேசையில் அவர் உருட்டியது மொத்தம் 36,000 டாலர். அதற்கு 2.78 சதவீதம் போட்டால் ஆயிரம் டாலர். எழுந்தபோது அவருக்குப் போயிருந்தது 1,400. கணக்கை விட்டு அவ்வளவு விலகவில்லை.

ஆகவே எட்ஜ் எவ்வளவு என்று மட்டும் பார்க்காதீர்கள். வைக்கும் தொகை, மணிக்கு எத்தனை ஆட்டம், எத்தனை மணி நேரம் என்ற மூன்றையும் அதோடு பெருக்குங்கள். ரூலட் என்பது எண்கள் எழுதிய சக்கரத்தில் பந்தைச் சுழலவிடும் ஆட்டம். ஒற்றைப் பூஜ்யம் உள்ள ரூலட்டில் ஆட்டத்துக்கு 500 ரூபாய், மணிக்கு 35 சுற்று என்றால் சராசரி நஷ்டம் மணிக்குச் சுமார் 470 ரூபாய். பக்கத்தில் ஸ்லாட் மெஷினில் ஒரு அழுத்துக்கு வெறும் 50 ரூபாய்தான். ஆனால் மணிக்கு 500 முறை அழுத்தலாம். எட்ஜ் 8 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் மணிக்கு 2,000 ரூபாய். சின்னக் காசு, பெரிய நஷ்டம்.

அதே ரூலட்டில் சிவப்பில் மட்டும் ஒரே தொகை வைக்கிறவர்களை எடுத்துக்கொள்வோம். 100 சுற்று ஆடினால் நூறு பேரில் 36 பேர் லாபத்தோடு எழுவார்கள். இவர்கள்தான் ஊருக்கு வந்து கதை சொல்கிறவர்கள், அது பொய்யும் இல்லை. 1,000 சுற்று ஆடினால் 19 பேர். 10,000 சுற்று என்றால் ஆயிரம் பேருக்கு மூன்று நான்கு பேர். ஆட்டம் கூடக் கூட அதிர்ஷ்டம் கரைகிறது, எட்ஜ் மட்டும் நிற்கிறது. காசினோவில் சாப்பாடு மேசைக்கே வருவது உங்களை உட்காரவைக்கத்தான்.

போன வருஷம் அக்கா மகன் நண்பர்களோடு கோவா கிளம்பினான். "மாமா, ஒரு ஐடியா. சிவப்பு மேல 500. தோத்தா 1,000, மறுபடி தோத்தா 2,000. என்னைக்காவது சிவப்பு விழுந்துதானே ஆகணும்?" என்றான். தாளை எடு என்றேன். தொடர்ந்து ஏழு தடவை தோற்றால் 63,500 ரூபாய் போயிருக்கும், எட்டாவதாக 64,000 வைக்க வேண்டும், அதுவும் 500 ரூபாய் லாபத்துக்காக. ஏழு தோல்வி தொடர்ந்து வர வாய்ப்பு ஏறக்குறைய 106 இல் ஒன்று. மீதி 105 முறையும் ஐந்நூறு ஐந்நூறாகச் சேர்த்தாலும் 52,500 தான். அதோடு, மேசைக்கு உச்சவரம்பு உண்டு, எட்டாவது பந்தயத்தை அவர்களே வாங்கமாட்டார்கள்.

எந்த ஆட்டம் என்று கேட்டால் சுருக்கமாகச் சொல்கிறேன். ரூலட்டில் ஒற்றைப் பூஜ்யம் 2.70 சதவீதம், இரட்டைப் பூஜ்யம் 5.26. உட்காரும் முன் சக்கரத்தை எட்டிப் பாருங்கள். பேங்கர், பிளேயர் என்ற இரண்டு பக்கத்தில் எது ஜெயிக்கும் என்று கட்டும் பாக்காரா சீட்டாட்டத்தில் பேங்கர் பக்கம் ஐந்து சதவீதக் கமிஷன் போகவும் 1.06, பிளேயர் பக்கம் 1.24, இரண்டும் சமமாக முடியும் என்று கட்டினால் ஒன்றுக்கு எட்டு தரும் டை 14.36. ஒரு விரல் அகலம் தள்ளி வைத்தால் விலை பதின்மூன்று மடங்கு. 21 ஐத் தாண்டாமல் அதை நெருங்கப் பார்க்கும் சீட்டாட்டமான பிளாக்ஜாக்கில் எந்தக் கைக்கு எதைச் செய்வது என்ற அட்டவணையை மனப்பாடம் செய்துகொண்டு ஆடினால் எட்ஜை அரை சதவீதத்துக்குக் கொண்டுவரலாம். ஆனால் பிளாக்ஜாக் (முதல் இரண்டு சீட்டிலேயே 21) விழுந்தால் இரண்டுக்கு மூன்று என்பதற்குப் பதில் ஐந்துக்கு ஆறு என்று துணியில் அச்சடித்திருந்தால் இன்னும் 1.4 சதவீதம் ஏறிவிடும். அந்த மேசை வேண்டாம். சீட்டுப் போடுகிறவருக்கு பிளாக்ஜாக் விழும் என்று கட்டும் தனிப் பந்தயத்தை ஓரத்தில் இன்சூரன்ஸ் என்று விற்பார்கள், அதையும் வாங்காதீர்கள்.

தமிழ்நாட்டில் காசினோ கிடையாது, லாட்டரியும் 2003 இல் போய்விட்டது. போனில் பணம் வைத்து ஆடும் விளையாட்டுகளை 2025 ஆகஸ்டில் வந்த மத்தியச் சட்டம் தடை செய்துவிட்டது. அதையும் மீறி ஏதாவது லிங்க் வந்தால் தொடாதீர்கள், அங்கே எட்ஜ் எவ்வளவு என்று சொல்வதற்கே ஆள் இல்லை. பணஜியில் மாண்டோவி ஆற்றில் நிற்கும் கப்பல்களுக்குப் போவதானால் வரியையும் சேர்த்துப் பாருங்கள். மேசையில் பணத்துக்குப் பதில் வைக்கும் வில்லையான சிப் வாங்கும் முழுத்தொகைக்கும் 2023 அக்டோபரிலிருந்து 28 சதவீத ஜிஎஸ்டி, 2025 செப்டம்பர் 22 முதல் 40 சதவீதம். கொடுக்கும் பணத்துக்கு எத்தனை ரூபாய் சிப் கைக்கு வரும், அதைத் திரும்பப் பணமாக்கலாமா என்று கவுன்டரிலேயே கேளுங்கள். ஜெயித்த பணத்துக்கு 30 சதவீத வருமான வரியும் உண்டு, அதில் தோற்றதைக் கழிக்க முடியாது. ஒரு சதவீத எட்ஜுக்காக மேசை தேடிவிட்டு இதைக் கவனிக்காமல் போனால், தேடியதே வீண்.

அக்கா மகனிடம், பேங்கரில் மட்டும் ஆட்டத்துக்கு 500 வை, நாற்பது ஆட்டத்தில் எழுந்துவிடு, மீதிப் பணத்தை அறையிலேயே விட்டுவிட்டுப் போ என்று சொல்லியிருந்தேன். அப்படியே செய்தான். 950 ரூபாய் போயிருந்தது. கப்பலின் மேல்தளத்திலிருந்து இரவு போன் வந்தது. "மாமா, எனக்குப் பக்கத்துல ஒரு பெரியவர் விடாம டை மேலயே வெச்சிட்டிருக்கார். நம்ம தாத்தா மாதிரியே ஒரு சின்ன நோட்டுல நம்பர் எழுதி எழுதி வெக்கிறார். போய்ச் சொல்லட்டுமா?" என்றான்.

சொல்லு, ஆனால் மெதுவாகச் சொல்லு என்றேன்.