வானம் (அஸ்திவாரக் குழி) தோண்டிய கரிசல் மண்ணையே பேஸ்மட்டத்துக்குள் நிரப்பலாமா?

நிரப்பாதீர்கள். கிராவல் செலவு மிச்சம் என்று மேஸ்திரி சொன்னாலும், கோவில்பட்டி மனையில் 5 அடி தோண்டி எடுத்த அந்தக் கரிசல் மண் வீட்டுத் தரைக்கு அடியில் வரவே கூடாது.

காய்ந்த குழியின் பக்கவாட்டில் விரல் நுழையும் அளவு வெடிப்பு என்று உங்கள் கேள்வியில் எழுதியிருக்கிறீர்களே, அதுவே பெரிய அறிகுறி. இந்தக் களிமண் நீரை உறிஞ்சி உப்பும், காய்ந்தால் சுருங்கும். மழைக்கும் கோடைக்கும் இடையே தரையும் சுவரும் அதோடு அசையும்.

சந்தேகமிருந்தால் இதைச் செய்து பாருங்கள். மண்ணைக் காயவைத்துப் பொடித்து, நைசாகச் சலியுங்கள். 100 மி.லி. அளவுக் குழாய்கள் இரண்டில் 10 கிராம் வீதம் போட்டு, ஒன்றில் தண்ணீரும் மற்றதில் மண்ணெண்ணெயும் நிரப்பிக் கிளறி, 24 மணி நேரம் அசைக்காமல் வையுங்கள். மண்ணெண்ணெயில் மண் உப்பாது. தண்ணீரில் இருப்பது அதைவிட 50 சதவீதத்துக்கு மேல் உயர்ந்திருந்தால் கவனம் தேவை. 100 சதவீதத்தைத் தாண்டினால் ஆபத்தான மண்.

ஆனால் இது உப்பும் தன்மையை மட்டுமே காட்டும், பாரம் தாங்கும் திறனை அல்ல. மண் பரிசோதனை அறிக்கையைப் பொறியாளர் பார்க்கும்வரை கான்கிரீட் போட விடாதீர்கள். அடிப்பகுதி அகன்ற பைல் (மண்ணுக்குள் ஆழமாக இறக்கும் கான்கிரீட் தூண்) அஸ்திவாரம் தேவையா என்றும் அவரிடம் கேளுங்கள்.