கைதட்டலுக்குத் தனி விலையா?

கேள்வி: டீப் பர்ப்பிள் ராக் குழுவின் 'மேட் இன் ஜப்பான்' கச்சேரி இசைத்தட்டை ஓயாமல் புகழ்கிறீர்கள். ஸ்டுடியோவில் சுத்தமாகப் பதிவான அதே பாட்டுகளைக் கைதட்டல் சேர்த்து இரண்டாம் தடவை விற்பது காசு பார்க்கும் வேலைதானே? ஏழே பாட்டுக்கு இரண்டு தட்டு! இப்போது மூன்று நாள் கச்சேரியையும் பெட்டியாகப் போட்டு விற்கிறார்களாம். அதையும் வாங்கச் சொல்வீர்களோ?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், சேலம்

பதில்: இந்தக் கேள்விக்கெல்லாம் பெயரை மறைக்க வேண்டுமா, ஐயா? சரி, போகட்டும். காசுக் கணக்கையே முதலில் பார்ப்போம்.

1972 ஆகஸ்டில் டீப் பர்ப்பிள் முதன்முறையாக ஜப்பான் போனது. கச்சேரியைத் தட்டாகப் போடும் ஆசை குழுவுக்கு இல்லை. கேட்டது ஜப்பான் கம்பெனி, அதுவும் தங்கள் நாட்டில் மட்டும் விற்பதற்கு. குழு அரை மனசோடு தலையாட்டியது. ரெக்கார்டிங்கை எங்கள் ஒலிப்பதிவாளர் மார்ட்டின் பர்ச்தான் பார்ப்பார், கேட்டுப் பிடித்தால்தான் வெளியீடு என்று நிபந்தனையும் போட்டது. ஓடியது எட்டு ஒலித்தடங்களைத் தனித்தனியாகப் பதியும் எட்டு டிராக் இயந்திரம். மொத்தச் செலவு சுமார் 3,000 டாலர். அந்தத் தடங்களைச் சேர்த்துச் சமன்செய்யும் மிக்ஸிங் நடந்தபோது ஐந்து பேரில் எட்டிப் பார்த்தவர்கள் இரண்டே பேர், பேஸ் கிடார் ரோஜர் குளோவரும் டிரம்ஸ் இயன் பெய்ஸும். காசு பார்க்கக் கிளம்பியவர்கள் இத்தனை அலட்சியமாகவா இருப்பார்கள்?

அந்த அலட்சியம்தான் நமக்குக் கிடைத்த லாபம் என்பது என் கட்சி. உலகமே கேட்கப்போகிறது என்று தெரிந்திருந்தால் மைக்குக்குப் பயந்து அடக்கி வாசித்திருப்பார்கள். தெரியாததால் எதிரே உட்கார்ந்திருந்தவர்களுக்காக மட்டும் வாசித்தார்கள். பாடகர் இயன் கில்லனுக்குத் தன் குரல் அந்த நாட்களில் சரியில்லை என்ற குறை உண்டு. வேறு குழுவாக இருந்தால் ஊர் திரும்பியதும் ஸ்டுடியோவில் நிற்க வைத்துத் திரும்பப் பாடவைத்து, பழைய குரலை அழித்திருப்பார்கள். பெயர்பெற்ற 'லைவ்' தட்டுகள் பலவற்றின் ரகசியம் அது. இங்கே ஒட்டு வேலை கிடையாது. குறையுள்ள குரல் என்று அவர் சொன்ன அதே குரலைத்தான் 'சைல்ட் இன் டைம்' பாட்டில் கேட்கிறோம். வார்த்தையே இல்லாமல் படிப்படியாக ஏறிப்போகும் அந்த அலறல்தான் குறை என்றால், நிறை எப்படி இருந்திருக்கும் என்று நான் யோசிப்பதுண்டு.

ஒன்று மட்டும் சொல்லிவிட வேண்டும். இது ஒரே நாள் கச்சேரி அல்ல. ஆகஸ்ட் 15, 16 ஒசாகா, 17 டோக்கியோவின் புடோகான் அரங்கம் என்று மூன்று நாள் நாடாவிலிருந்து பொறுக்கியது. ஏழில் நாலு பாட்டு இரண்டாம் நாளுடையவை. 'தி மியூல்', 'லேஸி' இரண்டும் டோக்கியோ. 'ஸ்மோக் ஆன் த வாட்டர்' ஒன்றுதான் முதல் நாளிலிருந்து வந்தது. இதை ஏமாற்று என்று நீங்கள் சொன்னால் நான் சண்டைக்கு வர மாட்டேன்.

ஆனால் 'அதே பாட்டுகள்' என்றீர்கள் பாருங்கள், அங்கேதான் காதில் கோளாறு. ஏழில் நாலு பாட்டு 'மெஷின் ஹெட்' தட்டில் வந்தவை. அது 1971 டிசம்பரில், சுவிட்சர்லாந்தின் மோன்ட்ரோ ஊரில், குளிர்காலத்துக்கு மூடிக் கிடந்த ஒரு ஹோட்டலில் பதிவானது. ரெக்கார்ட் செய்ய நினைத்திருந்த சூதாட்ட விடுதி கச்சேரி நடக்கும்போதே தீப்பிடித்து எரிந்துபோனதால் அந்த ஹோட்டலுக்குப் போனார்கள். 'ஸ்மோக் ஆன் த வாட்டர்', அதாவது ஏரி மேல் புகை என்ற பாட்டு பிறந்த கதையும் அதுதான். பதிவானபோது அவை பெரும்பாலும் புதுப் பாட்டுகள். அப்புறம் எட்டு மாசம் ஊர் ஊராக வாசித்துத் தேய்த்த பிறகு ஒசாகாவுக்கு வருகின்றன. 'ஸ்மோக் ஆன் த வாட்டர்' ஸ்டுடியோப் பதிவின் முடிவில் சத்தம் மெல்லத் தேய்ந்து மறைந்துவிடும். எப்படி முடிப்பதென்று தெரியாத பாட்டுகளுக்கு அது ஒரு வசதி. மேடையில் அப்படி நழுவ முடியாதே. அந்த இடத்தில் ரிச்சி பிளாக்மோரின் கிடாரும் ஜான் லார்டின் ஆர்கனும் மாறி மாறிப் பேச ஆரம்பிக்கின்றன. கிடாருக்கு ஆர்கன் எப்படி ஈடு கொடுக்கிறது என்றால், லார்ட் தன் ஹாமண்ட் ஆர்கனை கிடார்காரர்களின் மார்ஷல் ஆம்ப்ளிஃபயர் வழியாகக் கத்த விட்டவர்.

'ஸ்ட்ரேஞ்ச் கைண்ட் ஆஃப் வுமன்' பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1971இல் நாலு நிமிடத்துக்குள் முடிந்த சிங்கிள், அதாவது தனிப் பாட்டுத் தட்டு. ஜப்பானில் அதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் நீள்கிறது. பிளாக்மோர் கிடாரில் ஒரு துணுக்கு வாசிக்க, கில்லன் அதையே தொண்டையில் திருப்பித் தருகிறார். இவர் கொஞ்சம் சிக்கலாக்க, அவரும் விடவில்லை. பாடகருக்கும் வயலினுக்கும் நடக்கும் கல்பனா ஸ்வரப் போட்டியைக் கேட்டுப் பழகிய நமக்கு இதில் புரியாதது ஒன்றுமில்லை. 'தி மியூல்' பாட்டில் பெய்ஸ் வாசிப்பது கிட்டத்தட்ட ஒரு தனி ஆவர்த்தனம். ராக் என்றாலே இரைச்சல் என்று சொல்லும் பெரியவர்களிடம் நான் போட்டுக் காட்டும் பக்கம் இதுதான்.

நாலாம் பக்கம் முழுக்க ஒரே பாட்டு, 'ஸ்பேஸ் டிரக்கின்'. ஸ்டுடியோவில் நாலரை நிமிடம், இங்கே இருபது. பழைய கச்சேரிகளின் முடிவில் வாசித்துவந்த நீண்ட பகுதியை இதன் வாலில் கட்டிவிட்டார்கள். நடுவில் எனக்கே ஊசியைத் தூக்கத் தோன்றும். உங்கள் புகாரில் இதற்கு மட்டும் பாதி மார்க்.

ஜப்பானுக்கு மட்டும் என்று போட்டது அங்கே நிற்கவில்லை. அந்த 1972 டிசம்பரிலேயே இங்கிலாந்திலும், மறுவருஷம் அமெரிக்காவிலும் வந்தது. பிறகு 1978இல் சீப் டிரிக் குழுவுக்கும் இதே கதை. ஜப்பானுக்கென்று போட்ட புடோகான் தட்டு இறக்குமதியாகவே அமெரிக்காவில் விற்க, கம்பெனி 1979இல் அங்கேயும் வெளியிட வேண்டியதாயிற்று.

மறுபடி ஒரு தடவை இதே மாதிரி செய்திருக்கலாமே என்று கேட்பீர்கள். 1973 ஜூன் 29 அன்று கில்லனும் குளோவரும் குழுவை விட்டு விலகினார்கள். அந்தக் கடைசிக் கச்சேரி நடந்ததும் ஒசாகாவில்தான். இந்த ஐவரும் திரும்பச் சேர 1984 ஆனது.

பெட்டி விஷயம். 1993 முதலே மூன்று சிடியாகக் கிடைக்கிறது, பிறகு இன்னும் விரிவாகவும் போட்டார்கள். நீங்கள் வாங்க வேண்டாம். ஏழு பாட்டையே அதிகம் என்பவருக்கு அது தண்டச் செலவு. பழைய இரட்டைத் தட்டின் மூன்றாம் பக்கத்தை மட்டும், ஒரு ராத்திரி, வேறு வேலை வைத்துக்கொள்ளாமல் கேளுங்கள். அதற்குப் பிறகும் இது கைதட்டல் வியாபாரம் என்று பட்டால் எழுதுங்கள், அடுத்த இதழில் போடுகிறேன்.