கல்வாழைப் படுகையில் கழிவுநீரை விட்டால் கொசு வருமா?

வீட்டுக் கழிவுநீரைக் கல்வாழைப் படுகையில், அதாவது ஜல்லி நிரப்பிக் கல்வாழைச் செடி நட்ட தொட்டியில், விட்டுச் சுத்தம் செய்தால் கொசுவும் நாற்றமும் வராதா என்று கேட்டிருக்கிறீர்கள். வீட்டில் யாரோ முகம் சுளித்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். எங்கள் வீட்டிலும் அதுதான் நடந்தது.

முறையாகக் கட்டினால் வராது. தண்ணீர் வெளியே தேங்கி நின்றால்தானே கொசு முட்டையிடும்? படுகையில் நீர்மட்டம் ஜல்லியின் மேற்பரப்புக்கு நான்கு விரற்கடை கீழேயே நிற்கும்.

அம்மாவின் கண்புரை அறுவைக்காகப் புதுச்சேரி தவளக்குப்பத்து அரவிந்த் கண் மருத்துவமனைக்குப் போனபோதுதான் இதை முதலில் பார்த்தேன். அவ்வளவு பெரிய மருத்துவமனையின் கழிவுநீர் செடி நட்ட ஜல்லிப் படுகை வழியாகப் போய்த் தோட்டத்துக்குப் பாய்கிறது. அருகிலேயே நின்றேன், மூக்கைப் பொத்த வேண்டியிருக்கவில்லை.

ஊரில் கொத்தனார், "எதற்குச் சார் இவ்வளவு செலவு, உறிஞ்சுகுழி போதுமே" என்றார். உறிஞ்சுகுழியில் விட்டால் என் கிணற்றுக்குத்தான் வந்து சேரும். கசியாத தொட்டி கட்டி, இரண்டடி ஆழத்துக்குக் கழுவிய ஜல்லி கொட்டினோம். கழுவாத ஜல்லியில் ஒட்டியிருக்கும் கிரஷர் தூள் இடுக்குகளை அடைத்துவிடும். கேத்தே ஸைடல் என்ற பெண்மணி 1950களிலேயே இந்தச் செடி முறையை ஆராய்ந்த ஜெர்மனியில்கூட, பின்னாளில் மண் நிரப்பிக் கட்டிய படுகைகள் அடைத்துக்கொண்டு நீர் மேலே வழிந்தது.

நீர் நுழையும் முனையில் ஒரு கல்லை எடுத்துப் பாருங்கள். கறுப்பாக, வழவழவென்று இருக்கும். பெரும்பகுதி வேலையைச் செய்வது அந்த வழவழப்பில் வாழும் நுண்ணுயிர்கள்தான். வெளியேறும் முனையில் கல் கல்லாகவே இருக்கும்.

பொறியாளர்கள் சண்டைக்கு வர வேண்டாம். இது குடிநீர் ஆகிவிடும் என்று நான் சொல்லவில்லை. கிருமி முழுதாகச் சாகாது என்பதால் வாழைக்கும் தென்னைக்கும் விடுகிறேன், கீரைக்கு விடுவதில்லை. கழிப்பறை நீர் செப்டிக் டேங்கைத் தாண்டித்தான் படுகைக்கு வர வேண்டும். ஊருக்கே செய்வதென்றால் திறந்த குட்டைகளும் ஒரு வழி, ஆனால் அதற்கு நிலம் நிறைய வேண்டும். கிழக்குக் கொல்கத்தாவின் சதுப்பு நிலத்தில் வெயிலும் பாசியும் நகரத்துச் சாக்கடையைத் தெளியவைக்க, அதிலேயே மீன் வளர்க்கிறார்கள். 2002இல் அந்த இடம், உலகின் முக்கியமான சதுப்பு நிலங்களுக்கான ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது.

கல்வாழையால் பாம்பு வரும் என்று என்மேல் புகார் சொன்ன அதே தெருவில், இரவில் செப்டிக் டேங்க் லாரி ஏரி வாய்க்காலில் குழாயை இறக்குகிறது. வண்டி எண்ணைக் குறித்து மனுக் கொடுத்தேன். ரசீது மட்டும் கையில் இருக்கிறது. அந்த ஏரித் தண்ணீரில்தான் எங்கள் ஊர் மாடுகள் குடிக்கின்றன. நினைத்தாலே வயிறு எரிகிறது.

நீங்கள் கட்டுவதாக இருந்தால், சமையலறைக் குழாய்க்கு முதலில் எண்ணெய் தேங்கும் சிறு தொட்டி வையுங்கள். மேலே படியும் பிசுக்கை வாரம் ஒருமுறை வழித்தெடுங்கள்.